ஒரே டேப், மூன்று புகார்: பிவிசி எட்ஜ் பேண்டின் கலவை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில வீடுகளுக்குச் சமையலறையும் வார்ட்ரோபும் செய்து கொடுத்த வேலை இது. போர்டு 18 மி.மீ. பிரீலேம், அதாவது மேலே லேமினேட் ஒட்டியே வருகிற பலகை. பாக்ஸ் (உள்கூடு) எல்லாம் வெள்ளை, ஷட்டர் (அலமாரிக் கதவு) எல்லாம் அடர் வால்நட். போர்டின் வெட்டிய விளிம்பை மூட ஒட்டுகிற பட்டைதான் எட்ஜ் பேண்ட், பட்டறைப் பேச்சில் டேப். பாக்ஸ் விளிம்புக்கு 0.8 மி.மீ. வெள்ளை டேப், ஷட்டருக்கு 2 மி.மீ. வால்நட் டேப். இரண்டும் பிவிசி, இரண்டும் 22 மி.மீ. அகலம். வெள்ளை டேப் நாங்கள் வழக்கமாக வாங்குகிற இடத்திலிருந்து வந்தது. வால்நட்டுக்கு அவர்களிடம் நிறம் பொருந்தவில்லை, அதனால் வேறொரு சப்ளையரிடம் வாங்கினோம். சாம்பிளைப் போர்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தபோது நிறம் கனகச்சிதம். கையால் மடக்கிப் பார்த்தால் ரப்பர் மாதிரி வளைந்தது, உடையவில்லை. கடையில் எல்லோரும் செய்யும் பரிசோதனை அதுதான்: நிறம் பார், மடக்கிப் பார், விலை கேள்.

மழைக்காலம் முடிந்ததும் வீடுகளை ஒப்படைத்தோம். ஏப்ரல், மே மாதங்களில் போன் வர ஆரம்பித்தது.

முதல் புகார், ஷட்டரின் உருட்டிய (கூர் போக வளைவாகச் சீவிய) விளிம்பு நெடுக வெளிறிய கோடு. அடர் நிறம் என்பதால் தூரத்திலிருந்தே தெரிந்தது. இரண்டாவது, உயரமான வார்ட்ரோப் ஷட்டர்களின் மேல் கீழ் முனைகளில் டேப் போர்டைவிடக் குட்டையாகி, ஒவ்வொரு முனையிலும் சுமார் 2 மி.மீ. போர்டு வெளியே தெரிந்தது. மேற்குப் பார்த்த அறைகளில்தான் இது அதிகம். மூன்றாவது, அடுப்புக்குப் பக்கத்து ஷட்டர்களில் டேப் பிரிந்து நின்றது. ஒரு வீட்டு அம்மா போனில் சொன்னது, "தம்பி, குக்கர் விசில் அடிக்கிற பக்கம் பூரா டேப்பு வாயைப் பொளந்துகிட்டு நிக்குது."

பட்டறையில் ஃபோர்மேன் உடனே சொன்னது எதிர்பார்த்ததுதான்: "பசை சரியில்ல சார்." இந்தத் தொழிலில் டேப் பிரிந்தால் முதல் பழி பசைக்கு, அடுத்தது மெஷின் ஓட்டியவருக்கு, அப்புறம் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றித் துடைத்ததற்கு. டேப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது வெறும் பிளாஸ்டிக் பட்டை என்கிற நினைப்பு.

ஆனால் பசைதான் காரணம் என்றால் வெள்ளை டேப்பும் பிரிந்திருக்க வேண்டும். அதே மெஷின், சூட்டில் உருகி ஆறியதும் இறுகுகிற அதே ஹாட் மெல்ட் பசை, அதே போர்டு, அதே ஆள். அடுப்புக்குக் கீழே உள்ள டிராயர் பாக்ஸில் வெள்ளை டேப் நகம்கூட நுழையாமல் ஒட்டியிருந்தது. அதற்கு நான்கு விரல் தள்ளி வால்நட் டேப் தொங்கியது. மாறியது டேப் மட்டும்தான், ஆகவே டேப்பிலிருந்து தொடங்கினோம்.

பிரிந்த இடத்தைப் படிப்பது

பிரிந்த டேப்பைக் கழற்றியதும் பசையைச் சுரண்டிவிட்டுப் புது டேப் ஒட்டிவிடுகிற வழக்கம் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. அதில் சாட்சியமே அழிந்துபோகிறது. பசை எங்கே தங்கியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

டேப்பின் முதுகில் பசையும் அதோடு போர்டின் தூளும் ஒட்டிக்கொண்டு வந்தால், பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, போர்டுதான் பலவீனம். பசை நடுவில் பிளந்து பாதி அங்கே பாதி இங்கே என்றிருந்தால், பசையின் சூடோ அளவோ பிசகியிருக்கலாம், அல்லது பிற்பாடு அது சூட்டில் இளகியிருக்கலாம். பசை மொத்தமும் போர்டில் தங்கி, டேப்பின் முதுகு துடைத்துவிட்டது போல வந்தால், பசைக்கும் டேப்புக்கும் இடையில் உறவே ஏற்படவில்லை, அல்லது ஏற்பட்டு முறிந்திருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது வகை. போர்டில் பசை வரிவரியாக அப்படியே இருந்தது. டேப்பின் முதுகு வழவழப்பாக இருந்தது, விரலால் தேய்த்தால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு. இந்தப் பிசுக்குதான் பின்னால் முக்கியமான துப்பாக ஆனது.

பிவிசி டேப்பின் முதுகிலும், ஏபிஎஸ் என்கிற இன்னொரு பிளாஸ்டிக்கில் செய்த டேப்பின் முதுகிலும் ப்ரைமர் என்று மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். ஹாட் மெல்ட் பசை பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ள அதுதான் பாலம். கண்ணுக்கு எளிதில் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் லேசான மினுமினுப்பு தெரியும். முதுகில் சிறு துளி தண்ணீர் வைத்தால், நல்ல ப்ரைமர் உள்ள இடத்தில் துளி பரவி உட்காரும், இல்லாத இடத்தில் முத்தாகத் திரண்டு ஓடும். எங்கள் வால்நட் டேப்பில் மிச்சமிருந்த ரோலை எடுத்து இப்படிச் செய்தபோது நடுப்பகுதியில் பரவியது, இரு ஓரங்களிலும் முத்தாகத் திரண்டது. ஓரத்தில்தான் டேப் முதலில் வாய் பிளக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ப்ரைமர் ஒழுங்காக இல்லை. ஆனால் வெளிறிய கோட்டையும் முனைச் சுருக்கத்தையும் ப்ரைமர் விளக்காது. அதற்கு டேப்பின் உடம்புக்குள் போக வேண்டும்.

டேப்புக்குள் என்ன இருக்கிறது

பிவிசி டேப் என்பது பிவிசி மட்டும் அல்ல. அடிப்படை, சஸ்பென்ஷன் முறையில் செய்த பிவிசி ரெசின். கடலூரில் தயாராகிற வகைதான், வெள்ளைப் பொடி. அதைத் தனியாகச் சூடாக்கினால் உருகி வடிவம் எடுப்பதற்கு முன்பே சிதைய ஆரம்பித்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடும், மஞ்சளாகிக் கருகும். அதனால் ஸ்டெபிலைசர் சேர்த்தே ஆக வேண்டும். முன்பு ஈய உப்புகள், இப்போது நல்ல தயாரிப்பாளர்கள் கால்சியம்-துத்தநாகம். மெஷினுக்குள் ஒட்டாமல் ஓட மெழுகும் ஸ்டியரிக் அமிலமும். தட்டினால் நொறுங்காமலிருக்க இம்பாக்ட் மாடிஃபையர், அதாவது குளோரினேற்றிய பாலிஎத்திலீன் அல்லது அக்ரிலிக் வகை. நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடும் மற்ற பிக்மென்ட்டுகளும். தேவைப்பட்டால் கொஞ்சம் பிளாஸ்டிசைசர், அதாவது மென்மையாக்கும் எண்ணெய். கடைசியாக, எல்லாப் பிரச்சினைக்கும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிற ஃபில்லர் (நிரப்பி), கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் பொடிதான் அது, பட்டறையில் சுருக்கமாகக் கால்சியம்.

தொழிலில் இதை 'நூறுக்கு இத்தனை' என்று சொல்வார்கள். 100 கிலோ ரெசினுக்கு எத்தனை கிலோ கால்சியம் என்று கணக்கு. பத்து, பதினைந்து என்றால் கௌரவமான டேப். நாற்பது, ஐம்பது என்றால் மலிவு டேப்.

கால்சியத்துக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். அது கலப்படம் அல்ல. கால்சியமே இல்லாத பிவிசி டேப் வெயிலில் அதிகம் நீளும், குளிரில் அதிகம் குறுகும், மெஷினில் டிரிம் செய்யும்போது, அதாவது மிஞ்சிய ஓரத்தைச் சீவும்போது, கட்டரில் இழுபடும். ஓரிரு மைக்ரான் அளவுக்கு நுணுக்கமாக அரைத்து, ஸ்டியரிக் அமிலப் பூச்சு கொடுத்த கால்சியம் அளவோடு சேர்ந்தால் டேப் விறைப்பாகவும் வடிவம் மாறாமலும் இருக்கும், கட்டரில் சுத்தமாக வெட்டுப்படும். எவ்வளவு சேர்த்தார்கள், எந்த நுணுக்கத்தில், பூச்சு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'எங்கள் டேப்பில் ஃபில்லரே இல்லை' என்று யாராவது விற்க வந்தால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

எடைபோட்டுப் பார்த்தல்

பாலில் தண்ணீர் கலந்தால் பால்மானி காட்டிக்கொடுக்கும். டேப்பில் கால்சியம் கலந்தால் தராசு காட்டிக்கொடுக்கும். கடினமான பிவிசியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.4 கிராம், கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி 2.7. ஆகவே கால்சியம் கூடக் கூட டேப் கனக்கும்.

22 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் கொண்ட டேப் 10 மீட்டர் எடுத்தால் 440 கன சென்டிமீட்டர். சுத்தமான பிவிசி என்றால் சுமார் 616 கிராம் இருக்க வேண்டும். கால்சியம் நூறுக்குப் பத்து சேர்த்தால் அடர்த்தி 1.46 ஆகும், எடை 644 கிராம் ஆகும். எங்கள் வால்நட் டேப் 10 மீட்டர் வெட்டிச் சமையலறைத் தராசில் வைத்தபோது 720 கிராமைத் தாண்டியது.

தடிமனில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் இந்தக் கணக்கு ஆடும். அதனால் இன்னொரு முறையும் செய்தோம், இதற்குத் தடிமன் தெரிய வேண்டியதே இல்லை. சரியாக 50 கிராம் டேப்பைச் சிறு துண்டுகளாக நூலில் கோத்துக் கட்டி, தராசிலிருந்து தொங்கவிட்டுத் தண்ணீரில் முழுகவைத்து மறுபடி எடை பார்ப்பது. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் விளக்கும் திரவம் விட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். தண்ணீருக்குள் எடை 19.5 கிராம் வந்தது. அதாவது 30.5 கிராம் தண்ணீரை விலக்கியிருக்கிறது. 50-ஐ 30.5-ஆல் வகுத்தால் 1.64.

இந்த அடர்த்தி வர டேப்பின் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கால்சியமாக இருக்க வேண்டும். மீதிப் பொருள் நூறு கிலோ என்றால் கால்சியம் 43 கிலோவைத் தாண்டுகிறது. வெள்ளை டேப்பை இதே முறையில் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டைட்டானியம் டை ஆக்சைடின் அடர்த்தி 4-க்கும் மேல். அதனால் நல்ல வெள்ளை டேப்பும் கொஞ்சம் கனமாகத்தான் காட்டும். அடர் நிறத்தில் டைட்டானியம் குறைவு, அதில் கனம் தெரிந்தால் கால்சியத்தைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

இங்கே ஒரு வேடிக்கை. டேப்பை நாம் மீட்டர் கணக்கில் வாங்குகிறோம், தயாரிப்பாளர் ரெசினைக் கிலோ கணக்கில் வாங்குகிறார். எடையில் 30 சதவீதம் கால்சியம் என்றால் கன அளவில் அது 18 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ஒரு மீட்டர் 2 மி.மீ. டேப்பில் அவர் உண்மையில் மிச்சம் பிடித்த ரெசின் 11 கிராம் சொச்சம். அதற்குப் பதில் 22 கிராம் கால்சியம் போட்டிருக்கிறார். இந்த 11 கிராமுக்காகத்தான் இத்தனை ஷட்டரையும் கழற்ற வேண்டிவந்தது.

வெளிறிய கோடு ஒன்றல்ல, இரண்டு

உருட்டிய விளிம்பில் தெரிந்த கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் பாலாடை போலப் படர்ந்த வெளுப்பு, சில இடங்களில் கத்தியால் கிழித்தது போல நேரான, சீரான கோடு. ஹீட் கன்னை லேசாகக் காட்டியதும் வித்தியாசம் பிடிபட்டது. பாலாடை வெளுப்பு மறைந்தது. நேர்கோடு அசையவில்லை.

மறைந்த வகை, கால்சியம் செய்த வேலை. டேப் வளையும்போதோ ஸ்க்ரேப்பர் கத்தி அதைச் சுரண்டும்போதோ, பூச்சில்லாத கால்சியம் துகள்கள் சுற்றியுள்ள பிவிசியிலிருந்து விட்டுப்போகின்றன. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம். அந்த வெற்றிடங்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளை டேப்பில் இது நடந்தாலும் யாருக்கும் தெரியாது, வால்நட்டிலும் கறுப்பிலும் ஊருக்கே தெரியும். சூடு காட்டினால் பிவிசி இளகி வெற்றிடங்கள் மூடிக்கொள்ளும், நிறம் திரும்பும். பட்டறையில் பஃபிங் (மெருகேற்றல்) முடிந்ததும் ஹீட் கன் காட்டி அனுப்புவது இதனால்தான், அனுப்பும்போது எல்லாம் அழகாகத்தான் இருந்தது. வீட்டில் பாத்திரம் இடித்த இடத்தில், சாவி உரசிய இடத்தில் வெளுப்பு திரும்பி வந்துவிட்டது. வெற்றிடம் மூடிக்கொண்டதே தவிர, துகளுக்கும் பிவிசிக்கும் பிடிப்பு ஏற்படவில்லை.

அசையாத நேர்கோடு வேறு விஷயம். மர வரி கொண்ட டேப்பில் அந்த வரி மேலே அச்சடித்தது. முதலில் ஒற்றை நிறத்தில் டேப்பை வார்க்கிறார்கள், அதன் மேல் சிலிண்டரில் மர வரியை அச்சடிக்கிறார்கள், அதற்கு மேல் புற ஊதா வெளிச்சத்தில் உலர்கிற லேக்கர் பூசுகிறார்கள். 2 மி.மீ. டேப்பின் விளிம்பை மெஷின் உருட்டும்போது அச்சும் லேக்கரும் அந்த இடத்தில் சீவப்பட்டுப் போகும், உள்ளே இருக்கிற அடிநிறம் வெளியே தெரியும். அடிநிறம் அச்சின் சராசரி நிறத்தோடு பொருந்தியிருந்தால் கண் ஏமாந்துவிடும். எங்கள் டேப்பில் அடிநிறம் வெளிறிய பழுப்பு. கால்சியமே வெள்ளைப் பொடி என்பதால், அதை அள்ளிப் போட்ட கலவையை அடர் நிறத்துக்குக் கொண்டுவர பிக்மென்ட்டும் அதிகம் வேண்டும். பிக்மென்ட் விலை கூடியது. அதையும் மிச்சம் பிடித்து, மேலே அச்சு மூடிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

சாம்பிள் பார்க்கும்போது நாம் டேப்பின் முகத்தைத்தான் பார்க்கிறோம். அதன் வெட்டு முகத்தைப் பிளேடால் சாய்வாகச் சீவிப் பார்த்தால் இது கடையிலேயே தெரிந்திருக்கும். 0.8 மி.மீ.-க்கு இது அவ்வளவு முக்கியமில்லை, 2 மி.மீ.-க்குக் கட்டாயம்.

கோடையில் குட்டையானது எப்படி

முனைகளில் டேப் குட்டையான புகாரில் முதலில் எல்லோரும் சொன்ன விளக்கம், 'வெயில் சார், பிளாஸ்டிக் சுருங்கிடுச்சு.' யோசித்தால் இது தலைகீழ். சூட்டில் பிளாஸ்டிக் நீள வேண்டும். 2.1 மீட்டர் டேப், பசை பிடிக்காமல் சும்மா கிடந்தால், வெப்பம் 15 டிகிரி ஏறும்போது 2 மி.மீ. அளவுக்கு நீளும், இரவில் குளிர்ந்ததும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். எங்கள் டேப் வெயிலில் குட்டையானது, இரவில் திரும்பி வரவும் இல்லை. அப்படியென்றால் இது சாதாரண வெப்ப விரிவு அல்ல, டேப்பில் ஏற்கெனவே இருந்த இழுவிசை விடுபட்டிருக்கிறது.

டேப் வார்க்கும் மெஷினின் வாயிலிருந்து உருகிய பிவிசி வெளிவரும்போது அதை முன்னே இழுத்துக்கொண்டே தண்ணீரில் குளிரவைக்கிறார்கள். உற்பத்தி வேகத்தைக் கூட்ட வேகமாக இழுத்து, வேகமாகக் குளிரவைத்தால், நீட்டப்பட்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அந்த நிலையிலேயே உறைந்துவிடும். மறுபடி சூடு கிடைத்து டேப் கொஞ்சம் இளகினால் அவை சுருண்டு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். எவ்வளவு சூட்டில் இளகும் என்பதுதான் கேள்வி. கடினமான பிவிசி 70 முதல் 80 டிகிரியை நெருங்கும்வரை விறைப்பாக நிற்கும். மேற்குப் பார்த்த ஜன்னலில் மே மாத வெயில் நேராக விழும் அடர் நிற ஷட்டர், பூட்டிக் கிடக்கும் வீட்டில் அறையைவிட நிறையவே சூடேறும். ஆனாலும் அந்த அளவுக்குப் போவது அரிது.

அப்படியானால் டேப் அதற்கும் கீழேயே இளகியிருக்க வேண்டும். முதுகில் பார்த்த எண்ணெய்ப் பிசுக்கு இங்கேதான் பொருந்தியது.

இதைச் சோதிக்க 60 டிகிரி வெந்நீர் போதும். வெள்ளை டேப் ஒரு துண்டு, வால்நட் டேப் ஒரு துண்டு, நேர்மையான ஒப்பீட்டுக்காக வேறொரு தயாரிப்பாளரின் 2 மி.மீ. டேப் ஒரு துண்டு. மூன்றையும் வெந்நீரில் போட்டு, எடுத்ததும் ஒரு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து மறுமுனையைக் காற்றில் நீட்டினோம். மற்ற இரண்டும் கிட்டத்தட்ட நேராக நின்றன, வால்நட் தலை கவிழ்ந்தது. பிறகு 200 மி.மீ. குறித்த துண்டுகளை 70 டிகிரி ஓவனில் வைத்து, ஆறவைத்து அளந்தோம். வால்நட் 3 மி.மீ. குறைந்திருந்தது, வெள்ளை அரை மி.மீ.கூடக் குறையவில்லை. ஓவனில் டிஷ்யூ காகிதத்தில் சுற்றிவைத்த வால்நட் துண்டு காகிதத்தில் எண்ணெய்க் கறை விட்டிருந்தது.

அதாவது டேப்பில் பிளாஸ்டிசைசர் தாராளமாக இருக்கிறது. டிஓபி போன்ற எண்ணெயோ, அதைவிட மலிவான குளோரினேற்றிய பாரஃபினோ, எதுவானாலும் வேலை ஒன்றுதான்: பிவிசியை மென்மையாக்கி, அது இளகும் வெப்பநிலையைக் கீழே இறக்குவது.

ஏன் சேர்த்தார்கள்? 30 சதவீதம் பூச்சில்லாத கால்சியம் போட்ட பிவிசி, மூலையில் வளைத்தால் பிஸ்கட் போல உடையும். முறையான தீர்வு, கால்சியத்தைக் குறைப்பது, அல்லது இம்பாக்ட் மாடிஃபையரைக் கூட்டுவது. முதலாவதில் ரெசின் செலவு, இரண்டாவதில் மாடிஃபையர் செலவு. எண்ணெய் மலிவு. கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் டேப் அழகாக வளையும், கடையில் மடக்கிப் பார்க்கிறவர் திருப்தியாகத் தலையாட்டுவார். எங்களிடம் வந்த சாம்பிள் ரப்பர் மாதிரி வளைந்ததை முதல் பத்தியிலேயே சொன்னேன். விறைப்பாக இருக்க வேண்டிய 2 மி.மீ. டேப் ரப்பர் மாதிரி வளைவது பாராட்ட வேண்டிய குணமே இல்லை. நல்ல டேப்பை மடக்கினால் கை எதிர்ப்பை உணரும், விட்டால் துள்ளி நிமிரும்.

இந்த எண்ணெய் சும்மா இருக்காது. மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து பரப்புக்கு வரும். முன்பக்கம் வந்தால் துணியில் துடைபட்டுப்போகும். முதுகுப் பக்கம் வந்தால் ப்ரைமருக்கும் பசைக்கும் நடுவே படலமாக நிற்கும். ஒப்படைத்த அன்று நன்றாக ஒட்டியிருந்த டேப் கோடையில் பிரிந்ததற்கு இதுவே காரணம். அடுப்பின் சூடு எண்ணெயின் நகர்வை வேகப்படுத்தியது. இவிஏ வகை ஹாட் மெல்ட் பசையும் 70, 80 டிகிரியில் தளர்ந்துவிடும் என்பதால், குக்கரின் ஆவி நேராக அடிக்கும் இடத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் ஃபோர்மேன் சொன்னது போல் பசைதான் காரணம் என்று பசையை மட்டும் மாற்றியிருந்தால், அடுத்த கோடையில் இதே போன்கள் வந்திருக்கும்.

மூன்று புகாரையும் பக்கத்தில் வைத்தால் இப்போது ஒரே சங்கிலி. ரெசினை மிச்சம் பிடிக்கக் கால்சியம் போட்டார்கள், அதனால் வெளுப்பு. கால்சியத்தால் வந்த உடைசலை மறைக்க எண்ணெய் ஊற்றினார்கள், அதனால் சுருக்கம். எண்ணெய் முதுகுக்கு வந்து, அரைகுறை ப்ரைமரோடு சேர்ந்து டேப்பைப் பிரித்தது.

அரைத்துப் போட்ட பழைய பிவிசி

ரோல்களில் இன்னொன்றும் இருந்தது. வெட்டு முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஆங்காங்கே வேற்று நிறப் புள்ளிகள், ஓரிடத்தில் மணல் போன்ற துகள். பழைய பிவிசியை அரைத்துச் சேர்த்ததன் அடையாளம் இது. தன் பட்டறையில் மிஞ்சிய சுத்தமான டேப் துண்டுகளையே அரைத்துக் கொஞ்சம் சேர்ப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வதுதான். எங்கிருந்தோ வாங்கிய கலவை ஸ்க்ராப் வேறு கதை. அதில் பழைய குழாய், ஒயர் உறை, கதவுப் பேனல் எல்லாம் இருக்கும், ஒவ்வொன்றும் வேறு கலவை. லாட்டுக்கு லாட் நிறம் மாறுவதும், டிரிம்மர் கட்டர் சீக்கிரம் மழுங்குவதும் இதனால்தான். மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். கட்டர் எத்தனை மீட்டர் தாங்குகிறது என்பது டேப்பைப் பற்றிய ஓர் அறிக்கை.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பிவிசி குழாய்களில் ஈய ஸ்டெபிலைசருக்கு எதிரான விதிகள் 2021-இல் வந்தன. அவை குழாய்க்கும் அதன் இணைப்புகளுக்கும் மட்டும், ஃபர்னிச்சர் டேப் அதில் வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த கட்டுப்பாடு பிவிசிப் பொருட்களில் ஈயத்தைப் பொதுவாக 0.1 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. பழைய குழாய் ஸ்க்ராப்பில் செய்த டேப் குழந்தைகளின் கட்டிலிலும் படிப்பு மேசையிலும் போய் உட்காரலாம் என்பதால், ஈயமில்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குவதே நல்லது.

கலவையைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஆய்வகத்தில் டிஜிஏ சோதனை உண்டு. சிறு துண்டைத் தராசில் வைத்தபடியே சூடேற்றி எந்த வெப்பத்தில் எவ்வளவு எடை போகிறது என்று பதிவு செய்வார்கள். முதலில் எண்ணெய் போகும், அப்புறம் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அப்புறம் மிஞ்சிய கரிமச் சங்கிலி, கடைசியில் 650 டிகிரிக்கு மேல் கால்சியம் கார்பனேட் தன் கார்பன் டை ஆக்சைடை விடும். வெளிவரும் அமிலம் கால்சியத்தோடு வினைபுரியும் என்பதால் பிவிசியில் இந்தக் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். டேப்பை எரித்துச் சாம்பலை எடைபோட்டால் போதும் என்று நினைப்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். பட்டறையில் பிவிசியை எரித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நுரையீரலுக்கும் மெஷினுக்கும் கேடு. சப்ளையரோடு எங்கள் தகராறு பேச்சிலேயே தீர்ந்ததால் ஆய்வகம் வரை போகவில்லை.

பிவிசியே வேண்டாம் என்றால்

வீட்டுக்காரர்களில் ஒருவர் கேட்டார், ஏபிஎஸ் போடலாமே என்று. போடலாம். ஏபிஎஸ் அடர்த்தி 1.05-ஐ ஒட்டி இருக்கும், எண்ணெய் தேவையில்லை, பிவிசியைவிட அதிகச் சூடு தாங்கும், குளோரின் இல்லாததால் எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வராது. ஐரோப்பிய ஃபர்னிச்சரில் அது அதிகம் புழங்குகிறது. ஆனால் நேர் வெயில் நெடுநாள் பட்டால் மஞ்சளாகும், தின்னர் போட்டுத் துடைத்தால் பரப்பு கெடும். நம் ஊரில் பசைக் கறையைத் தின்னரால் துடைக்காத ஆசாரி யார்? பாலிபுரொப்பிலீன் டேப் தண்ணீரிலேயே மிதக்கும் அளவுக்கு லேசு, ரசாயனங்களைத் தாங்கும், ஆனால் அதில் பசை ஒட்டவைப்பது முழுக்க ப்ரைமரை நம்பியது. எதை எடுத்தாலும் கலவைப் பிரச்சினை கூடவே வரும். மோசமான ஏபிஎஸ்ஸைவிட நல்ல பிவிசி மேல்.

என்ன செய்தோம்

கெட்டுப்போன ஷட்டர்களைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். பழைய டேப்பை எடுத்தபின் எண்ணெய் ஊறிய பசையை முழுக்கச் சீவி எடுக்க வேண்டியிருந்தது. மிச்சம் வைத்தால் புது டேப்பும் பிடிக்காது. அடுப்பை ஒட்டிய ஷட்டர்களுக்கு மட்டும் பியூஆர் (பாலியூரித்தேன்) பசைக்கு மாறினோம். அது ஈரப்பதத்தோடு வினைபுரிந்து இறுகியபின் சூட்டில் மறுபடி உருகாது. எல்லா ஷட்டருக்கும் அது தேவையில்லை, விலையும் அதிகம். மெஷினின் பசைத் தொட்டியைக் காலி செய்து சுத்தம் செய்வது தனி வேலை.

வாங்கும் முறையும் மாறியது. இப்போது ஆர்டரில் நிறத்தோடும் தடிமனோடும் அடர்த்தியும் எழுதுகிறோம், அடர் நிற டேப்புக்கு 1.50-க்கு மேல் போகக் கூடாது என்று. ரோல் வந்ததும் தண்ணீரில் எடை, வெந்நீரில் விறைப்பு, முதுகில் நீர்த்துளி, 2 மி.மீ. என்றால் சீவிப்பார்த்து அடிநிறம். இதெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஓவன் சோதனைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் வேண்டும், அதைப் புது லாட்டுக்கு மட்டும் செய்கிறோம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு மீட்டர் வெட்டித் தேதியும் வீட்டு எண்ணும் எழுதி வைக்கிறோம்.

வால்நட் டேப் கொடுத்த சப்ளையர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் எடைபோட்டதை அவர் கண்ணெதிரேயே செய்து காட்டியதும் தொனி மாறியது. டேப்புக்கு டேப் கொடுத்தார், கூலியும் லாரி வாடகையும் எங்கள் தலையில். அவர் அனுப்பிய புது லாட்டின் அடர்த்தி 1.47. வெந்நீரில் நிமிர்ந்து நின்றது, ஓவனில் சுருக்கம் அரை மி.மீ.-க்குள். அடிநிறம் மட்டும் இன்னும் ஒரு சாயல் வெளிறித்தான் இருக்கிறது. அந்தச் சாயலுக்குக் கூடுதல் பிக்மென்ட் போட்டால் மீட்டருக்கு எவ்வளவு ஏற்றுவார் என்பதில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை அவருடைய வால்நட் டேப்பை விளிம்பு உருட்டாத 0.8 மி.மீ. வேலைகளுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.